சும்மா சொல்கிற சவம்

கல்யாணமான புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டால் சித்ரகலாவுக்குச் சிரிப்புத்தான் வரும். மாமியார் உலகம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து திருப்பூரில் அவர்களோடு கொஞ்ச நாள் தங்கியிருந்தாள். விசில் அடிக்காத குக்கரைப் பார்த்து, சவம் இன்றைக்கும் மக்கர் பண்ணுகிறது என்பாள். கை காட்டியும் நிற்காமல் போன டவுன் பஸ் அவளுக்குச் சவத்துப் பஸ். செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிய தெருநாய்க்குட்டியும், டிவி நாடகத்தில் ஓயாமல் அழுகிறவளும், ஊரிலிருந்து போன் பேசிய அவளுடைய சொந்தத் தங்கையும் எல்லாரும் சவம்தான். அந்தக் குரலில் கோபமே இருக்காது.

சித்ரகலா பிறந்து வளர்ந்தது அனுப்பர்பாளையம். அவள் வீட்டில் சவம் என்பது செய்தித்தாளில் மட்டும் பார்க்கிற சொல். பேச்சில் பொணம் என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. வெள்ளிக்கிழமை என்றால் அதுவும் வாயில் வராது. அப்படிப்பட்ட சொல்லை இந்த அம்மாள் குக்கருக்கும் பஸ்ஸுக்கும் வாரி இறைக்கிறாளே என்று ஒருநாள் நேராகவே அர்த்தம் கேட்டுவிட்டாள்.

"அது சும்மா வாய்க்கு வர்ற சொல்லுட்டி," என்றாள் உலகம்மாள், வெங்காயம் உரித்தபடியே. "உசுரு இல்லாததுன்னு அர்த்தம். எங்க ஊர்ல பெத்த பிள்ளைகளையே அப்படித்தான் வைவோம். அதுக்காவ செத்துப்போன்னா சொல்லுதோம்?"

அந்த விளக்கம் சித்ரகலாவுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் கம்பெனியில் பக்கத்து மெஷினில் உட்காரும் மைதிலியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சித்ரகலாவும் கணவன் கோமதிநாயகமும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகியவர்கள். அவள் ஓவர்லாக் டெய்லர். அவன் கட்டிங் பகுதியில் இருந்தான். வெட்டிய துணிக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவள் மெஷின் பக்கம் வரும்போதெல்லாம் ஏதாவது கிண்டல் பேசிவிட்டுப் போவான். நன்றாகப் பாடுவான். அண்ணன் கருப்புசாமிக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர் அவர். அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து ஆளாக்கியவர். கொஞ்ச காலம் முகம் கொடுக்காமல் இருந்து, பிறகு அவரே முன்னின்று கோயிலில் கல்யாணம் செய்து வைத்தார்.

காங்கேயம் ரோட்டில் சாரதாமணி என்பவரின் லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறினார்கள். கோமதிநாயகம் கம்பெனி வேலையை விட்டு, பழைய குட்டி லாரி ஒன்றை வாங்கி, பனியன் கம்பெனிகளில் மிஞ்சுகிற வெட்டுத் துணியை மூட்டை மூட்டையாக எடுத்து விற்கும் தொழிலில் இறங்கினான்.

முதலில் அவனும் அம்மாவைப் போலச் சும்மாதான் சொன்னான். ஏ சவமே, எந்திரி, வேலைக்கு நேரமாச்சு என்று காலையில் எழுப்புவான். அவளும் கண்ணைத் திறக்காமலே சிரிப்பாள். எப்போது அது மாறியது என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளால் பிடிக்க முடியவில்லை. டீ ஆறிப்போனதற்குச் சொன்னான். சூப்பர்வைசரிடம் போனில் சிரித்துப் பேசியதற்குச் சொன்னான். பிறகு அவளுடைய பெயரே அவன் வாயில் வருவது நின்றுபோனது. ஒரு மாலை கம்பெனி கேட்டுக்கு முன்னால், வேலை முடிந்து நூறு பேர் வெளியே வருகிற நேரத்தில், லாரியிலிருந்து தலையை நீட்டி அந்தச் சொல்லால் கூவி அழைத்தான். கூட வேலை பார்க்கும் வடநாட்டுப் பெண் ஒருத்தி, அது உன் வீட்டுப் பெயரா அக்கா என்று கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும், நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிடாதீங்க என்று சொன்னாள். அதுதான் முதல் அடி. கன்னத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு கன்னத்தோடு நிற்கவில்லை. தலைமுடியைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதுவான். கையை முறுக்கி விடுவான். மறுநாள் துணியை மெஷினுக்குள் தள்ளிக்கொடுக்க விரல் வளையாது. படியில் விழுந்தேன், பாத்ரூமில் வழுக்கினேன் என்று அவள் சொன்ன எதையும் மைதிலி நம்பவில்லை. அடித்து முடித்து மூச்சு வாங்க உட்காரும்போது, கிடக்கிறது பார் சவம் என்பான். அவள் அழுதால் அடி கூடியது. அழாமல் இருந்தால், உசுரு இருக்கா என்று பார்ப்பதற்காக என்று சொல்லி இன்னொரு அடி விழுந்தது.

அண்ணன் வீட்டுக்குப் போனாள். உதட்டில் தையல் போட்டிருந்தது. கருப்புசாமி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்கு நான் கேட்கிறேன் என்றார். ஆனால் அவள் அந்தச் சொல்லைப் பற்றிச் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை.

"அது அவங்க ஊர்ப் பேச்சு அம்மிணி. அதைப் போயி பெருசு பண்ணாத. ஒரு வார்த்தைக்காக ஊட்ட விட்டு வருவாங்களா?"

அவரே பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்து விட்டார். மாப்பிள்ளையிடம் பதமாகப் பேசினார். இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். பைக் தெரு முனையில் திரும்பிய சத்தம் அடங்கியதும் கோமதிநாயகம் கதவைச் சாத்தினான்.

அடுத்த வருடம் அவள் உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம். வயிற்றில் உதைத்தான் என்பதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. ஸ்கேன் பார்த்த பெண் திரையை அவள் பக்கம் திருப்பாமலே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துடிப்பு இல்லைம்மா என்றாள். எடுத்து வெளியே போட்டார்கள். வார்டுக்கு வந்த கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில்காரி ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"சவத்துக்குச் சவந்தான பொறக்கும்."

பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சித்ரகலாவுக்கு அழுகை வரவில்லை. இனி அந்தப் பெயருக்குத் திரும்புவதில்லை என்று அந்தக் கட்டிலில் படுத்தபடியே முடிவு செய்துகொண்டாள். பெரிய திட்டம் எதுவும் அவளிடம் இல்லை. ஓடிப்போக வேண்டும், கேஸ் போட வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அந்தச் சொல்லால் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவது, அவ்வளவுதான்.

பேச்சு குறைந்து கிடந்த வீட்டில் அதற்கான வேளை வரச் சில வாரங்கள் ஆயின.

அது முகூர்த்த நாளாக வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. லைன் வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் சாரதாமணி வீட்டு உறவுக் கல்யாணத்துக்கு மண்டபம் போயிருந்தார்கள். மற்றவர்கள் கறி வாங்கவும் துணி எடுக்கவும் போய்விட்டார்கள். வாசலில் கோமதிநாயகம் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். சித்ரகலா உள்ளே தரையில் உட்கார்ந்து, பீஸ் கணக்குக்குக் கம்பெனியிலிருந்து வாங்கி வந்திருந்த டீ-சர்ட் குவியலில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். அதற்கென்று உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கத்தரி உண்டு, டிரிம்மர் என்பார்கள். தொலைந்துபோகாமல் இருக்க நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள்.

"ஏ சவமே, தண்ணி கொண்டா."

அவள் கத்தரியை நிறுத்தவில்லை. இரண்டாம் முறை சத்தமாகக் கூப்பிட்டான். மூன்றாம் முறை நிலைப்படியில் வந்து நின்றான். காது அவிந்துபோச்சா என்று கேட்டான்.

"என்ற பேரு சித்ரகலாங்க," என்றாள் அவள், துணியைப் பார்த்தபடியே. "அதச் சொல்லிக் கூப்பிட்டா வர்றேன்."

அவன் கையில் ஜாக்கிக் கம்பி இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. முதல் அடி இடது காதோடு சேர்ந்து விழுந்தது. கூடத்துக்குள் யாரோ பெரிய பித்தளை அண்டாவைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம் கேட்டு, பிறகு அந்தப் பக்கம் எதுவுமே கேட்காமல் போனது. எழ முயன்றாள். தோளில் விழுந்தது. கையைத் தூக்கினாள், முன்கை எலும்பு முறிந்த சத்தத்தை மறு காது கேட்டது. வெள்ளை டீ-சர்ட்டுகளின் மேல் ரத்தம் தெறிப்பதைப் பார்த்து, ஐயோ பீஸ் எல்லாம் பாழாகிறதே என்று நினைத்தாள். அந்த நேரத்தில் அப்படி நினைத்ததை எண்ணி இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம் வரும். சொல்லு, நீ யாரு, சொல்லு என்று அவன் கேட்டுக் கேட்டு அடித்தான். அவள் தன் பெயரைத்தான் திரும்பவும் சொன்னாள் போலிருக்கிறது. அடுத்த அடி உச்சந்தலையில் விழுந்தது. அதோடு அவளுக்கு நினைவு போய்விட்டது.

நினைவு திரும்பியபோது வாயெல்லாம் பஞ்சும் நூலுமாக இருந்தது. கண்ணைத் திறந்தும் மங்கலான வெள்ளைதான் தெரிந்தது. உடம்பு குலுங்கியது. டீசல் நாற்றம். தன்னை வெட்டுத் துணியோடு சேர்த்துப் பிளாஸ்டிக் சாக்கில் திணித்து, சாக்கின் வாயைக் கட்டி, லாரியில் போட்டிருக்கிறான் என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கத்த நினைத்தாள். கத்தினால் அவன்தானே கேட்பான் என்று வாயை மூடிக்கொண்டாள். இடது கை அசையவில்லை. வலது கையால் கழுத்தைத் தடவினாள். நாடாவில் டிரிம்மர் அப்படியே இருந்தது.

சாக்கு லேசில் கிழியவில்லை. நூல் வெட்டுகிற சின்ன வாய்தான் அதற்கு. ஒரு இழை, இன்னொரு இழை என்று வெட்டினாள். முகத்துக்கு நேராக ஒரு கை நுழைகிற அளவு வெட்டி முடித்தபோது வண்டி நின்றது. பின்கதவு இறங்கியது. கோமதிநாயகம் சாக்கின் அடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக் கீழே தள்ளினான். முதுகு கல்லில் மோதியது. பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற இரைச்சல் கேட்டது. வாய்க்கால். சாக்குக்குள் போடுவதற்குக் கல் பொறுக்கியவன் அதன் வாய்க்கட்டை அவிழ்க்கக் குனிந்தான்.

கிழிசல் வழியாக அவன் முகம் மிக அருகில் தெரிந்தது. சித்ரகலா கையை வெளியே நீட்டிக் குத்தினாள். எங்கே என்று பார்த்துக் குத்தவில்லை. கத்தரி அவனுடைய வலது கண்ணில் இறங்கியது. அவன் மாடு மாதிரி அலறினான். அவள் உருவி மறுபடியும் குத்தினாள், தாடையில், கழுத்துப் பக்கம், கிடைத்த இடத்தில். சாக்கு கிழிந்து அவள் பாதி வெளியே வந்தாள். ஒற்றைக் கண்ணில் ரத்தம் ஒழுக அவன் அவள் மேல் விழுந்து இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தான். சாவு சாவு என்று பல்லைக் கடித்தான். அவளுடைய நாக்கு வெளியே வந்தது. அவன் கட்டை விரலைக் கடித்தாள்; எலும்பு தட்டும் வரை விடவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து காவல்காரர் அப்புசாமி மண்வெட்டியோடு ஓடி வந்தார். வந்த வேகத்தில் மண்வெட்டிக் காம்பால் கோமதிநாயகத்தின் முதுகில் ஒன்று போட்டார். அவன் சுருண்டு விழுந்தான். அதற்குள் அவள் கண் சொருகிவிட்டது. அப்புசாமி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, வாய்க்கால் மேட்டில் ஒரு பொம்பளை பாடி கிடக்கிறது, சீக்கிரம் வாங்க என்று சொன்னார். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"பாடி இல்லீங்க. உசுரு இருக்குதுங்க."

அப்புசாமி போனை நழுவவிட்டார்.

அங்கே கூடியவர்களில் யாரோ எடுத்த படம் ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே போன் போனாகச் சுற்றிவிட்டது. சாக்கில் இளம்பெண் சடலம் என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். பட்டறையில் அதைப் பார்த்த கருப்புசாமி நேராக ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலுக்குத்தான் போனார். அங்கே இருந்தவர்கள் அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லச் சொல்ல, கதவைத் தட்டிக்கொண்டே நின்றாராம். தங்கை அவசரப் பிரிவில் இருப்பதைக் கேட்டு வார்டுக்கு வந்தவர், கட்டில் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊட்டுக்குப் போ என்று நான்தானே கொண்டுவந்து விட்டேன் என்று சொல்லி அழுதார். சித்ரகலா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இடது காது போனது போனதுதான். கையில் தகடு வைத்தார்கள். கோமதிநாயகத்துக்கு வலது கண் போயிற்று. இரண்டு கேஸ்கள் பதிவாயின, அவன் மேல் ஒன்று, அவள் மேல் ஒன்று. அவன் சொன்ன கதை இது: டயர் மாற்றும்போது சண்டை வந்தது உண்மை, தள்ளிவிட்டேன், அவள் விழுந்து மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் லாரியில் ஏற்றினேன். அடிபடாமல் இருக்கத் துணியைச் சுற்றினேன். வழி தவறி வாய்க்கால் பக்கம் போய்விட்டேன். முழித்தவள் என் கண்ணைக் குத்திவிட்டாள்.

கேட்கிறவர்கள் சிரிக்கக்கூடிய கதைதான். ஆனால் அவனுடைய வக்கீல் கெட்டிக்காரர். அன்று அவன் தன் அம்மாவுக்குப் போன் செய்தது போலீஸ் விசாரணையில் வந்திருந்தது. சவத்தை லாரியில் ஏற்றியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னதாக அவனே ஒப்புக்கொண்டிருந்தான். அந்தச் சொல்லுக்குப் பிணம் என்று அர்த்தமே இல்லை என்று வக்கீல் வாதாடினார். அது அவர்கள் பக்கத்து வழக்கு, மனைவியைத் தினமும் அழைக்கும் பெயர், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துத்தான் என் கட்சிக்காரர் அப்படிச் சொன்னார் என்றார். கூண்டில் நின்ற சித்ரகலாவிடமும் அதையே கேட்டார். உங்களை அவர் அப்படித்தானே கூப்பிடுவார்? ஆமாங்க. தினமும்? ஆமாங்க. உங்கள் மாமியாரும் அப்படித்தான் பேசுவார்? ஆமாங்க. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. கூண்டிலிருந்து இறங்கி வந்தாள். தான் வாங்கிய அத்தனை வசவும் கடைசியில் அவனுக்கே சாட்சியாகப் போகிறதே என்று மைதிலியிடம் சொன்னாள்.

அந்தப் பேச்சு வழக்கைச் சொல்வதற்குத்தான் அவன் தரப்பு உலகம்மாளைச் சாட்சியாக அழைத்து வந்தது. அவள் இளைத்துப்போயிருந்தாள். மருமகள் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றாள். குக்கரையும் சொல்வோம், ஆட்டையும் சொல்வோம், பெற்ற பிள்ளையையும் சொல்வோம் என்றாள். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, அன்றைக்கு உங்கள் மகன் போனில் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றார். உலகம்மாள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். நீதிபதி, பரவாயில்லைம்மா, சொல்லுங்கள் என்றார்.

"எம்மா, சவம் கெடக்கு, எங்க கொண்டு போடன்னு கேட்டான்யா."

அவனுடைய வக்கீல் சட்டென்று எழுந்து, அதுவும் சும்மா சொல்கிற வழக்குத்தானே அம்மா என்று கேட்டார். உலகம்மாள் முதல் முறையாக மகனைப் பார்த்தாள். அவன் ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா சொல்லுத சவத்துக்கும் செத்த சவத்துக்கும் பெத்தவளுக்கு வித்தியாசம் தெரியாதாய்யா? சும்மா சொன்னான்னா நான் எதுக்கு நெஞ்சுல அடிச்சிட்டு அழுதேன்? அப்படியே போட்டுட்டு இங்க வந்துருன்னுதான் அவன்ட்ட சொன்னேன். பெறவு மனசு கேக்கல. அவ பொறந்த வீட்டு ஆளுவளாவது உடம்ப வாங்கி எரிக்கட்டும்னு அந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போனப் போட்டேன்."

சாரதாமணி கல்யாண மண்டபத்தில் அந்தப் போனை எடுத்ததும், பந்தியிலிருந்து எழுந்து போலீசுக்குச் சொன்னதும், அவர் வந்து பார்த்தபோது வாசலில் இழுத்த தடமும் ரத்தமும் இருந்ததும் ஏற்கெனவே சாட்சியத்தில் இருந்தன. போன் செய்தது யார் என்று மட்டும் சாரதாமணி யாரிடமும் சொல்லாமல் இருந்தார். ஒரு தாயை ஏன் சாட்சிக்கூண்டுக்கு இழுக்க வேண்டும் என்று நினைத்தாராம்.

கொலை முயற்சிக்குத் தண்டனை கிடைத்தது. அவன் இப்போது கோவை ஜெயிலில் இருக்கிறான். சித்ரகலா தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் குத்தினாள் என்று அவள் மேலிருந்த கேஸ் தள்ளுபடி ஆனது. தீர்ப்பன்று கோர்ட் வாசலில் உலகம்மாள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சித்ரகலா போய்ப் பக்கத்தில் நின்றாள். ஏதாவது சாப்பிட்டீங்களா அத்தை என்று கேட்டாள். அவள் இல்லையென்று தலையாட்டினாள். இரண்டு இட்லிப் பொட்டலமும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அத்தையை வெறுப்பதா வேண்டாமா என்று சித்ரகலாவுக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது திருப்பூரிலேயே ராயபுரத்தில் மைதிலியோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அண்ணன் வாரம் ஒருமுறை வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிறார். புதிய கம்பெனியில் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. கேட்காத காதின் பக்கமாக வந்த சூப்பர்வைசர், கூப்பிட்டும் திரும்பவில்லையே என்று பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டார். அவள் கையிலிருந்த டிரிம்மரோடு திரும்பி அவருடைய சட்டையைப் பிடித்து மெஷினோடு சேர்த்து அழுத்தினாள். தையல் லைன் முழுவதும் எழுந்து நின்றது. கத்தரி முனை அவருடைய கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மைதிலி ஓடிவந்து முன்னால் நின்று, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சித்ரகலா கையை இறக்கிவிட்டு, மன்னிச்சுக்கங்க சார் என்றாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். அந்த மனிதர் சட்டையைச் சரிசெய்துகொண்டு தன் இடத்துக்குப் போனார். மறுநாளிலிருந்து அவளிடம் பேச வேண்டியவர்கள் எல்லாரும் மெஷினைச் சுற்றி முன்பக்கமாக வந்து, அவள் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்து பேசுகிறார்கள்.